அரை விலைக் கேத்தல்

வாளி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. தகர வாளி சிமெந்துக் கட்டில் மோதி உருண்டு, சாக்கடைக் கானுக்குள் போய் நின்றது.

நான் அடுப்படியில் கரண்ட் கேத்தலில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போவதற்காகச் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் பக்கத்துக் காம்பரா வீட்டு யோகேஸ்வரி குழாயடியில் நிற்கிறாள். வலது கையை உதறு உதறென்று உதறுகிறாள். ஏழு மாத வயிறு. முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ன புள்ள, வழுக்கிருச்சா?"

"இல்லீங்க டீச்சர். பைப்பத் தொட்டேன், சுர்ருன்னு இழுத்துச்சு. தோள் வரைக்கும் ஏறிருச்சு."

"பனியில இரும்பு அப்படித்தான் இருக்கும். கை மரத்துப் போயிருக்கும். செருப்பப் போட்டுக்கிட்டு வா."

சொல்லிவிட்டு உள்ளே போனேன். கேத்தல் கொதித்து முடித்து, தானாக 'டக்'கென்று நின்றிருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். பள்ளிக்கூடம் போனேன். நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தங்கையின் போன்

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தச் சிக்கனத் தொடரை என் தங்கை ஒவ்வொரு வாரமும் படிக்கிறாள். போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஹட்டனிலிருந்து போன் செய்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லா வாரமும் நீ ஜெயிச்ச கதையாத்தான் இருக்கு. அந்தக் கேத்தல் கதைய எப்ப எழுதப் போற?"

"அதெல்லாம் எதுக்குடி?"

"எதுக்கா? ஒன் பேச்சக் கேட்டு இன்னும் எத்தனை பேரு ஓட்டை உடைசல வாங்கி வச்சிருக்காங்களோ, அவங்களுக்காவது எழுது."

என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையொன்றில் வேலை. அன்று லீவில் வந்திருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தப் பக்கமும் எனக்கு ஆதரவு இல்லை என்று விளங்கிவிட்டது. எழுதுகிறேன்.

கஞ்சப் பிசினாரி

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மலையேறிப் போனால் தேயிலைக்கு நடுவே எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நான் பிறந்ததும் அங்கேதான். டீச்சர் வேலை கிடைத்த பிறகு டவுனில் வாடகை வீடு பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். வாடகை என்பது கண்ணுக்குத் தெரியாமல் கரைகிற காசு என்று சொல்லி நான்தான் மறுத்தேன். கூரைத் தகரத்தை மாற்றி, அடுப்படிக்கு டைல்ஸ் பதித்து அங்கேயே இருந்துவிட்டோம்.

என்னைக் கஞ்சப் பிசினாரி என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் கோபமே வந்ததில்லை. உள்ளூரப் பெருமைதான்.

கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றதே, அந்தக் காலத்தில்தான் எங்கள் லயத்துக்குள் கரண்ட் சாமான்கள் அடுத்தடுத்து நுழைந்தன. ரைஸ் குக்கர், பிளெண்டர், அயன், கேத்தல். கொஞ்ச நாளில் கரண்ட் பில்லும் ஏறியது. சாமானும் வேண்டும், காசும் போகக்கூடாது என்றால் லயத்துப் பெண்கள் யாரிடம் வருவார்கள்? டீச்சரிடம்தான்.

நானும் சும்மா சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன். அயன் பெட்டியில் முதலில் கெடுவது பெட்டி அல்ல, வயர். அதுவும் கழுத்துப் பக்கம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும். அந்த ஒரு சாண் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திரும்பப் பூட்டினால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். ரைஸ் குக்கர் சட்டியின் அடியை ஈரத்தோடு வைக்கக்கூடாது. அடியில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் சட்டி சரியாக உட்காராது, தகடு கருகும். அயன் பண்ணுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரேயடியாக வைத்துக்கொள்ள வேண்டும். தினம் ஒரு சட்டைக்காகச் சூடேற்றுவது வீண். இதெல்லாம் இன்றைக்கும் சரிதான். இவற்றை நான் வாபஸ் வாங்கவில்லை.

சாமான் வாங்குவதுதான் என் உச்சம். சீசன் முடிந்தால் நுவரெலியா ஹோட்டல்களில் ரூம்களைப் புதுப்பிப்பார்கள். பழைய கேத்தல், ஹீட்டர், அயன் எல்லாவற்றையும் ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்து, மார்க்கெட் பக்கம் தன் கடையில் குவித்து வைப்பார். நான் பையில் டெஸ்டரும் ஒரு போத்தல் தண்ணீருமாகப் போவேன். ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்து அடியை மோந்து பார்ப்பேன். கருகல் வாடை இருந்தால் வேண்டாம். வயரை அசைத்துப் பார்ப்பேன். கேத்தல் என்றால் போத்தல் தண்ணீரை ஊற்றிக் கடையிலேயே கொதிக்கவைப்பேன். என்னைக் கண்டாலே அந்த வியாபாரி, "டீச்சர் வந்துட்டாங்க, இன்னைக்கு யாவாரம் முடிஞ்சிச்சு" என்பார்.

அங்கே எடுத்ததுதான் அந்தக் கேத்தல். வெள்ளிபோல மின்னும் உலோக உடம்பு, கறுப்புப் பிடி. புதுசாக வாங்கினால் என் கைக்கு எட்டாது. உள்ளே அடித்தகட்டைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு ஓடியிருந்தது. துருப் போலவும் இருந்தது, கறை போலவும் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துத்தான் வியாபாரியிடம் காட்டி, சொன்ன விலையில் பாதியாகக் குறைத்தேன். வீடு வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

நேரே கொடுத்த லைன்

அந்த மழைக்காலத்தில் என் காம்பராவில் ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழுந்தது. எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற சுவிட்ச் அது. ராத்திரியும் விழும், சமைக்கும்போதும் விழும். தலவாக்கலையிலிருந்து வயர்மேனைக் கூப்பிட்டேன்.

"எங்கேயோ லீக் இருக்குங்க டீச்சர். ஒவ்வொன்னாத் தேடிப் பாக்கணும். சுவிட்சும் பழசாயிருச்சு, புதுசு ஒன்னு போட்டுருங்க."

புதுசின் விலையைக் கேட்டேன். என் வீட்டுக் கரண்ட் சாமான் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

"அது இல்லாம லைட் எரியுமா, எரியாதா?"

"எரியுங்க. ஆனா..."

"அப்ப நேரா குடுத்துருங்க தம்பி."

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுவிட்சைத் தாண்டி லைனை நேராகக் கொடுத்துவிட்டு, ஒரு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அதன் பின் லைட் ஒருநாளும் அணையவில்லை. இந்த வித்தையை நான் குழாயடியில் எல்லோருக்கும் சொன்னேன். இன்னும் நாலு காம்பராக்காரர்கள் அதே மாதிரி செய்துகொண்டார்கள்.

கேட்காத ஒரே ஆள் மகேந்திரன். கடைசிக் காம்பரா. ஆட்டோ ஓட்டுகிறவர். தவணையில் புத்தம் புது ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, கூடவே புது ட்ரிப் சுவிட்சும் போட்டார். அவர் மனைவி யோகட் கப் போட்டுத் தேயிலை அரைக்கிற ஸ்டோர்ப் பக்கம் விற்பாள். "ஒனக்கு எதுக்கு தம்பி வீண் செலவு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "பரவாயில்லீங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். என் பேச்சைக் கேட்காத ஆள் என்ற எரிச்சல் எனக்குள் இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எர்த் கம்பி

இன்னொரு விஷயத்தையும் சொல்லாவிட்டால் கதை விளங்காது.

கரண்ட் சாமானில் கசிவு வந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய் இறக்க ஒரு எர்த் கம்பி வேண்டும். அதற்கென்று வீட்டுக்கு வீடு மண்ணில் ஒரு செப்புக் கம்பி அடித்து இறக்குவதுதான் முறை. எங்கள் லயத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. பின்பக்கச் சுவரோரமாக ஓடுகிற இரும்புத் தண்ணீர்ப் பைப்பில் ஆறு காம்பராவின் எர்த் கம்பியையும் சுற்றிவிட்டிருந்தார்கள். பைப்போ மேலே தண்ணீர்த் தாங்கி வரைக்கும் மண்ணுக்குள் புதைந்து போனது. செலவில்லாத எர்த். அந்தக் காலத்தில் அது வேலையும் செய்தது.

பிறகு பைப் துருப்பிடித்து ஒழுகியது. லயத்து ஆட்களே கூடி வேலை செய்கிற சிரமதானம் வைத்தோம். காசு சேர்த்தவள் நான்தான். மண்ணுக்குள் போகிற துண்டு முழுவதையும் பிளாஸ்டிக்காக மாற்றலாம், சுவரோரத்து இரும்பும் குழாயும் நன்றாகத்தானே இருக்கிறது, அதை விட்டுவிடலாம் என்று திட்டம் போட்டவளும் நான்தான். மிச்சக் காசில் கோயிலுக்கு ஒரு மணி வாங்கினோம்.

மண்ணோடு இருந்த தொடர்பு அன்றே அறுந்துபோனது. ஆறு வீட்டு எர்த் கம்பியும் இப்போது அந்தரத்தில் நிற்கிற ஒரு இரும்புத் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தன. எவர் வீட்டில் கரண்ட் கசிந்தாலும் அது மண்ணுக்குள் இறங்காது. குழாயில் வந்து நிற்கும். ஈரக்காலோடு யாராவது தொடும் வரைக்கும் காத்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மின்சாரம் பாடம் நடத்துகிறவளுக்கு இது தோன்றவில்லை. சேமித்த கணக்கில் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

டெஸ்டர்

யோகேஸுக்கு அடித்த இரண்டாம் நாள் அவள் புருஷன் குமாருக்கும் குழாயில் கரண்ட் அடித்தது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற வாட்டசாட்டமான ஆள். துள்ளிப் போய் விழுந்தான்.

சனிக்கிழமை காலை லயமே குழாயடியில் கூடியது. "டீச்சர், நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டேன். கூட்டம் நேரமாகும், எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுக்கலாம் என்று கேத்தலை நிறைத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.

நேராகப் போனது மகேந்திரன் வீட்டுக்குத்தான். மற்ற வீடுகளுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், எனக்கு அப்போதே தீர்ப்புத் தயாராக இருந்தது. லயத்தில் புதிதாக வந்த பெரிய சாமான் அதுதானே. ஃபிரிட்ஜ் கதவின் இரும்புப் பிடியில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா!" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

மகேந்திரன் குனிந்து பார்த்தார். "என் வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்குங்க டீச்சர். பெட்டியில லீக்குன்னா அது விழுந்திருக்கணுமே."

"புதுசா வாங்குனா கெடாதுன்னு ஒனக்கு யாரு தம்பி சொன்னா? பிளக்கப் புடுங்கு."

புடுங்கினார். எல்லோரும் குழாயடிக்குப் போனோம். போகிற வழியில் ஆளுக்கொரு பேச்சு. குழாயில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரியவில்லை. மூன்று தரம் வைத்துக் காட்டினேன். எரியவில்லை.

அதற்குள் என் அடுப்படியில் கேத்தல் கொதித்துத் தானாக நின்றுவிட்டிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. அதே கேத்தல் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

"இனிமே பயமில்ல யோகேஸ், தாராளமாத் தண்ணி புடி" என்றேன்.

மறுநாள் மகேந்திரனின் மனைவி ஃபிரிட்ஜ் நின்றதால் கெட்டுப்போன யோகட்டை ஒவ்வொரு கப்பாகக் கானில் கவிழ்த்தாள். என் வாசலுக்கு நேரே நின்றுதான் கவிழ்த்தாள். நான் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாலு எட்டு

செவ்வாய்க்கிழமை பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே நனைந்துவிட்டேன். குளிக்கலாம் என்று கேத்தலில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றிப் போட்டேன். மழை விட்டிருந்தது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

யோகேஸ் வாளியோடு வந்தாள். வெறுங்கால். குழாயடி முழுக்கச் சேறும் தண்ணீரும். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மழையில நனைஞ்சிட்டீங்களா டீச்சர்?"

கேட்டுக்கொண்டே குழாயைப் பிடித்தாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொண்டைக்குள் 'ங்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. உடம்பு விறைத்துவிட்டது. விரல்கள் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டன, விடவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது.

என் கால் அவளிடம்தான் ஓடப் பார்த்தது. தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன் என்பது தெரியும். பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தது அது. மகேந்திரன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஃபிரிட்ஜின் வயர் பிளக்கோடு கீழே தொங்கியது தெரிந்தது. அப்படியென்றால் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

என் முதுகுக்குப் பின்னால் கேத்தல் இரைந்துகொண்டிருந்தது.

வாசலிலிருந்து அடுப்படிக்கு நாலு எட்டுத்தான். அந்த நாலு எட்டை எடுத்துவைக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று இன்றுவரை தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். வெளியே தொம்மென்று அவள் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப் போய்த் தூக்கினேன். மூச்சு இருந்தது. உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு கோடு வெந்திருந்தது. சனம் கூடிவிட்டது. "அந்தப் பெட்டியக் கொண்டாந்து ஒடைங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். மகேந்திரன் யாரையும் பார்க்கவில்லை. ஆட்டோவைக் குழாயடி வரைக்கும் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆட்டோவில் யோகேஸின் தலை என் மடியில். தலவாக்கலை ரோடு முழுக்க வளைவு. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாவது வளைவில் கண்ணைத் திறந்தாள்.

"புள்ள அசையலீங்க டீச்சர்."

"அசையும்டி. தூங்குது."

"இந்நேரம் தூங்காதுங்க. பின்னேரத்துலதான் ஒதைக்கும்."

அவள் வயிற்றில் என் கையை வைத்தேன். எதுவும் தெரியவில்லை. முன்னால் மகேந்திரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நீல பெஞ்ச்

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே ஒரு நீல பெஞ்ச். நானும் மகேந்திரனும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த பெஞ்சில் நான் நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கேத்தல் பிளக்கைப் பிடுங்கினதை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அதைத் தேயிலை மலைக்குள் எறிந்துவிட்டால் முடிந்தது. ஃபிரிட்ஜ் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் டீச்சர். பொலிஸ், விசாரணை என்று போனால் என் வேலை என்னாவது, கண்டியில் படிக்கிற மகள் படிப்பு என்னாவது? இதெல்லாம் வரிசையாக, தெளிவாக வந்தது. என்னைப் பற்றி எனக்கே அப்படியொரு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை. அப்படியும் வாய் திறக்கவில்லை.

குமார் ஸ்டோரிலிருந்து அப்படியே ஓடி வந்தான். சட்டை முழுக்கத் தேயிலைத் தூள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மகேந்திரனின் கொலரைப் பிடித்துச் சுவரோடு வைத்தான்.

"ஒன் பெட்டி பெருசா, எம் பொண்டாட்டி பெருசாடா? திருட்டுத்தனமா மறுபடி பிளக்கப் பூட்டிட்டியா?"

மகேந்திரன் கையை உயர்த்தவில்லை. "இல்ல குமாரு" என்று மட்டும் சொன்னார். குமார் ஓங்கினான்.

"குமார், கைய எடு" என்றேன். எழுந்து நின்றிருக்கிறேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "அது என் கேத்தல்."

அவனுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். ட்ரிப் சுவிட்சைச் சொன்னேன். நேராகக் கொடுத்த லைனைச் சொன்னேன். சனிக்கிழமை டெஸ்டர் வைத்தபோதும் கேத்தல் ஓடிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, துடைக்காமல் சொல்லி முடித்தேன்.

குமாரின் கை கொலரிலிருந்து இறங்கியது. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்களா டீச்சர்?" என்றான்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி வந்தாள். சிங்களப் பிள்ளை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குமாரிடம், "பபா ஹொந்தய், பய வென்ன எபா" என்றாள். குழந்தை நல்லா இருக்கு, பயப்படாதீங்க. நெஞ்சுச் சத்தம் கேட்டதாம். இரண்டு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டுமாம். குமார் தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதான்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்

அந்த வாரமே வயர்மேன் வந்து ஆறு காம்பராவுக்கும் மண்ணில் தனித்தனியாக எர்த் கம்பி இறக்கினார். எனக்கும், என்னைப் பார்த்துக் கெட்ட நாலு பேருக்கும் புது ட்ரிப் சுவிட்ச். என் நகை ஒன்றை வைத்துத்தான் செய்தேன். கேத்தலைப் பிரித்துக் காட்டினார். நான் கறை என்று நினைத்து விலை குறைத்தேனே, அந்தப் பழுப்புக் கோட்டின் கீழேதான் தண்ணீர் உள்ளேயிருக்கும் சூடேறுகிற கம்பிவரை இறங்கியிருந்தது. அதிலிருந்த கரண்ட் என் எர்த் கம்பி வழியே பைப்புக்குப் போய், பைப்பிலிருந்து மற்ற வீட்டு எர்த் கம்பி வழியே மகேந்திரனின் ஃபிரிட்ஜ் வரைக்கும் போயிருக்கிறது. அன்று டெஸ்டரில் எரிந்தது என் வீட்டுக் கரண்ட்.

"அன்னைக்கு நான் சொன்னப்ப கேட்டிருக்கலாங்க டீச்சர்" என்றார்.

இப்போதும் நான் செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்குகிறேன். அயன் வயரை வெட்டிப் பூட்டுகிறேன். கைவிடவில்லை. ஆனால் சுவிட்ச், எர்த், பிளக், வயர் இந்த நாலிலும் ஒரு சதம் மிச்சம் பிடிக்க மாட்டேன். தண்ணீர் படுகிற சாமானைப் பழசாக வாங்க மாட்டேன். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதைத் திட்டாமல் எது கசிகிறதென்று தேடுவேன். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் ஆள் அகப்பட்டுவிடும். அந்த அரை மணி நேரத்தை அன்று நான் செலவழிக்கவில்லை.

யோகேஸுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இப்போது லயம் முழுக்க ஓடுகிறது. என்னைக் கண்டால் காலைக் கட்டிக்கொள்ளும்.

திரும்பி வந்த வழி

ஆஸ்பத்திரியிலிருந்து அன்று திரும்பியதை இன்னும் சொல்லவில்லை. தங்கைக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

குமார் அங்கேயே தங்கிவிட்டான். மகேந்திரன் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். கொலர்ப் பட்டன் அறுந்து சட்டை திறந்து கிடந்தது. மறுபடியும் தூறல். நான் உண்மையைச் சொன்னபோது அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"ஒங்க கேத்தல்னு தெரியாதுங்க. ஆனா என் பெட்டி இல்லன்னு தெரியும். பிளக்கப் புடுங்குன மறுநாளும் பைப்புல இழுத்துச்சு. நாங்க அன்னையிலேர்ந்து கீழ ஊத்துப் பீலியிலதான் தண்ணி எடுக்குறோம்."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்டங்க சொல்றது? பெட்டியக் காப்பாத்தப் பேசுறான்னுவாங்க."

கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் கையை வெளியே விட்டுத் துடைத்தார்.

"யோகேஸ்கிட்ட மட்டும் சொன்னேங்க. மாசமா இருக்கிற புள்ளயாச்சே. பைப்புல இன்னும் கரண்ட் இருக்கும்மா, தொடாத, ஒனக்குத் தண்ணிய நானே கொண்டாந்து தாறேன்னு சொன்னேன்."

"அதுக்கு அது என்ன சொன்னிச்சு?"

"சிரிச்சிச்சுங்க. 'டீச்சரே பாத்துச் சொல்லிட்டாங்க அண்ணே, அவங்களுக்குத் தெரியாதா'ன்னு கேட்டுச்சு."